கோடு விழும் முன்: தொகுதி மறுவரையறைக் கருத்துக்கேட்பு குறித்த ஒரு மறுப்பு

புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்காலில் தொகுதி மறுவரையறை என்ற பேச்சு எழும்போதெல்லாம், அதாவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டு சட்டமன்றத் தொகுதிகளின் எல்லைகளை மாற்றி வரையும் பணி பற்றிப் பேசப்படும்போதெல்லாம், கட்சிக்காரரும் கட்சி சாராதவரும் ஒன்றுபோலச் சொல்லும் முடிவு ஒன்று உண்டு. எல்லைகள் எங்கோ முன்கூட்டியே முடிவாகிவிடுகின்றன என்பதும், வரைவை வெளியிட்டு மக்களிடம் கருத்துக் கேட்பது வெறும் கண்துடைப்பு என்பதும், திருமலைராயன்பட்டினம் போன்ற ஒரு கடலோரச் சிற்றூரிலிருந்து யார் போய் எதைச் சொன்னாலும் கோடு ஓர் அங்குலமும் நகராது என்பதும் அந்த முடிவின் சாரம். அனுபவசாலிகளின் யதார்த்தம் என்று மதிக்கப்படும் இந்தக் கருத்து, சட்டத்தின் அமைப்பையும் கணக்கின் எல்லையையும் அண்மைக்கால நடப்பையும் கவனிக்காமல் உருவானது. அதை நம்பி ஒதுங்கியிருக்கும் ஊர், தனக்குக் கிடைக்கும் ஒரே வாய்ப்பைத் தானே கைவிடுகிறது.

முதலில் சட்டத்தைப் பார்க்க வேண்டும். புதுச்சேரியில் கடைசியாக நடந்த மறுவரையறை, 2002ஆம் ஆண்டின் எல்லை மறுவரையறைச் சட்டத்தின் கீழ், உச்ச நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையத்தால் செய்யப்பட்டது. அச்சட்டத்தின் 9ஆம் பிரிவு ஆணையத்தின் மீது சில கடமைகளைச் சுமத்துகிறது. ஆணையம் தன் முன்மொழிவுகளை, அதாவது வரைவை, அரசிதழில் வெளியிட வேண்டும். ஆணையத்துடன் இணைக்கப்பட்ட நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களான இணை உறுப்பினர்கள் மாறுபட்ட முன்மொழிவு தந்து, அது வெளியிடப்பட வேண்டும் என விரும்பினால், அதையும் சேர்த்தே வெளியிட வேண்டும். குறிப்பிட்ட நாளுக்குள் வரும் ஆட்சேபணைகளையும் ஆலோசனைகளையும் பரிசீலிக்க வேண்டும். அதற்காக மாநிலத்தில் ஓரிடத்திலோ பல இடங்களிலோ பொது அமர்வு நடத்த வேண்டும். இவற்றுக்குப் பிறகே இறுதி ஆணை பிறப்பிக்க முடியும். கருத்துக்கேட்பு என்பது அதிகாரிகளின் பெருந்தன்மையால் நடப்பதன்று. அதைத் தாண்டி இறுதி ஆணைக்குச் செல்ல ஆணையத்துக்கு வழியில்லை.

அதே சட்டத்தின் 10ஆம் பிரிவைப் படிப்பவருக்கு 9ஆம் பிரிவின் உண்மையான எடை விளங்கும். இறுதி ஆணை அரசிதழில் வெளியானதும் சட்டத்தின் வலிமை பெறுகிறது. அதை எந்த நீதிமன்றத்திலும் கேள்விக்கு உட்படுத்த முடியாது. அரசமைப்பின் 329ஆம் உறுப்பும் இதையே சொல்கிறது. உஜ்ஜயினி நகரை உள்ளடக்கிய தொகுதி தனித்தொகுதியாக அறிவிக்கப்பட்டதை எதிர்த்த மேக்ராஜ் கோத்தாரி வழக்கில், 1966இல் உச்ச நீதிமன்றம் இந்தத் தடையை உறுதிசெய்தது. வெளிப்படையாகத் தன்னிச்சையான, அரசமைப்பின் விழுமியங்களோடு பொருந்தாத ஆணை என்றால் நீதிமன்றம் தலையிடலாம் என்று 2024இல் அதே நீதிமன்றம் குஜராத் வழக்கொன்றில் தெளிவுபடுத்தியது உண்மையே. ஆயினும் அது மிகக் குறுகிய விலக்கு. ஒரு தெருவை அடுத்த தொகுதியில் சேர்த்தது சரியா என்ற அளவிலான குறை அந்த விலக்குக்குள் வருவது அரிது. பிற அரசு முடிவுகளில், முடிவுக்கு முன் பேசத் தவறியவர் பின்னர் வழக்காடலாம். எல்லைக்கோட்டில் அந்த இரண்டாம் வாய்ப்பு ஏறத்தாழ இல்லை. ஆகவே, கருத்துக்கேட்பு பயனற்றது என்று சொல்பவர், பயனுள்ள வேறு வழி எது என்ற கேள்விக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர். அந்த விடை இதுவரை சொல்லப்படவில்லை.

ஒதுங்கியிருப்பதை ஆதரிக்கும் இரண்டாவது வாதம், எல்லை வரைதல் கணக்கு வேலை, அதில் பொதுமக்களுக்கு இடமில்லை என்பது. புதுச்சேரியின் எண்களே இந்த வாதத்தைச் சோதிக்கப் போதுமானவை. 2001 கணக்கெடுப்பின்படி ஒன்றியப் பகுதியின் மக்கள்தொகை 9,74,345. சட்டமன்றத்தின் தேர்ந்தெடுக்கப்படும் இடங்கள் 30. ஆகவே ஓர் இடத்துக்குச் சராசரி ஏறத்தாழ 32,478 பேர். காரைக்காலின் மக்கள்தொகை 1,70,791. இதைச் சராசரியால் வகுத்தால் 5.26 வருகிறது. முன்பு ஆறு தொகுதிகளைக் கொண்டிருந்த காரைக்கால் ஐந்துக்கு இறங்கியதும், மாஹேயின் இரண்டு தொகுதிகள் ஒன்றானதும், புதுச்சேரிப் பகுதியின் எண்ணிக்கை 21இலிருந்து 23 ஆனதும் இந்த வகுத்தலிலிருந்தே வந்தவை. இந்த அளவில் அது கணக்குதான். இதை எந்தப் பொது அமர்வும் மாற்றியிருக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் கணக்கு அத்துடன் நின்றுவிடுகிறது. ஆறில் எது மறைய வேண்டும் என்று 5.26 என்ற எண் சொல்லாது. மறைந்தது கோட்டுச்சேரித் தொகுதி. அதற்குள் இருந்த ஊர்கள் எந்தத் தொகுதியோடு சேர வேண்டும் என்பதும், எந்தச் சாலை எல்லையாக வேண்டும், எந்த வாய்க்காலுக்கு இப்பால் ஒரு தெரு நிற்க வேண்டும் என்பதும் வகுத்தலால் கிடைக்கும் விடைகள் அல்ல. சட்டம் அவற்றுக்கு வேறு அளவுகோல்களைத் தருகிறது: தொகுதி நிலப்பரப்பில் செறிவாக அமைய வேண்டும், இயற்கை அமைப்பு, ஏற்கெனவே உள்ள நிர்வாக எல்லைகள், போக்குவரத்து வசதி, பொதுமக்களின் வசதி ஆகியவை கருதப்பட வேண்டும். மழைக்காலத்தில் எந்தப் பாலம் வழியாக வாக்குச்சாவடிக்குப் போக முடியாது என்பதையும், எந்த இரு தெருக்கள் ஒரே குடிநீர்த் தொட்டியையும் ஒரே ரேஷன் கடையையும் நம்பியிருக்கின்றன என்பதையும் கணக்கெடுப்பு அட்டவணை ஆணையத்துக்குச் சொல்வதில்லை. பொதுமக்களின் வசதி என்பது ஓர் அளவுகோல் என்று சட்டம் சொன்ன பிறகு, அதற்கான சான்றைத் தரக்கூடிய நிபுணர் அந்தப் பொதுமக்களே.

காரைக்காலின் நிலவியல் இந்தத் தேவையை மேலும் கூர்மையாக்குகிறது. கிழக்கே வங்கக் கடல், மற்ற மூன்று புறமும் தமிழ்நாடு என அடைபட்ட இந்தப் பகுதியில் ஒரு தொகுதி பக்கத்து மாவட்டத்துக்குள் விரிய முடியாது. திருமலைராயன்பட்டினத்துக்குத் தெற்கே வாஞ்சூரைக் கடந்ததும் நாகூர் வந்துவிடுகிறது; வீடும் கடையும் தொடர்ந்தாலும் சட்டமன்றம் அங்கே மாறிவிடுகிறது. எனவே நிரவி–திருமலைராயன்பட்டினம் தொகுதியில் ஆள் குறைந்தால் வடக்கிலிருந்தோ மேற்கிலிருந்தோதான் எடுக்க வேண்டும். கூடினால் அந்தப் பக்கங்களுக்கே தள்ள வேண்டும். ஒரு கோட்டின் நகர்வு, இருப்பதே ஐந்தாக உள்ள தொகுதிகளின் மற்றக் கோடுகளையும் நகர்த்துகிறது. பரந்த மாநிலத்தில் ஒரு வார்டின் இடமாற்றம் கவனிக்கப்படாமல் போகலாம். 2001 கணக்குப்படி ஏறத்தாழ முப்பத்திரண்டாயிரம் பேரே ஒரு தொகுதியாக அமைந்த இடத்தில் சில நூறு குடும்பங்களின் இடமாற்றம் தேர்தல் முடிவையே மாற்ற வல்லது.

திருமலைராயன்பட்டினத்துக்கு எல்லை என்பது புதிய விஷயமும் அன்று. பிரெஞ்சு ஆவணங்களில் 'கிராந்த் அல்தே' என்று வழங்கிய இவ்வூர், 1880இல் பிரெஞ்சிந்தியாவில் அமைக்கப்பட்ட பத்து கொம்யூன்களில் ஒன்று. கொம்யூன் என்பது தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் கொண்ட உள்ளாட்சி அலகு. 1907இல் கொம்யூன்களின் எண்ணிக்கை 17ஆக உயர்ந்தபோது நிரவியும் தனிக் கொம்யூன் ஆனது. அந்த அலகுகளின் எடை 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் வெளிப்பட்டது. இந்தியாவுடன் இணைவதா என்ற கேள்விக்கு அங்கே வாக்களித்த 178 பேரும் கொம்யூன் மன்றங்களிலும் பிரதிநிதித்துவ சபையிலும் இருந்தவர்களே. அவர்களில் 170 பேர் இணைப்பை ஆதரித்தனர். எந்த நாட்டின் குடிமக்களாக வாழ்வது என்ற வினாவுக்கே கொம்யூன் எல்லைகளுக்குள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் வழியாக விடையளித்த மண்ணில், எல்லைக்கோடு மக்களுக்குப் புரியாத தொழில்நுட்பம் என்று சொல்வது வரலாற்றை மறப்பதாகும்.

மூன்றாவது வாதமே வலுவானது: கருத்துக் கேட்டாலும் எதுவும் மாறுவதில்லை என்பது. இதற்கு அண்மைக்கால நிகழ்வுகள் இரண்டு உள்ளன; இரண்டையும் முழுமையாகப் பார்க்க வேண்டும். ஜம்மு காஷ்மீரில் நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையிலான ஆணையம் 2022 மார்ச் 14 அன்று வரைவை வெளியிட்டு, மார்ச் 21 வரை ஆட்சேபணைகளைப் பெற்று, ஏப்ரலில் ஜம்முவிலும் ஸ்ரீநகரிலும் அமர்வு நடத்தி, மே 5 அன்று இறுதி ஆணையில் கையெழுத்திட்டது. ஜம்முவுக்கு 43, காஷ்மீருக்கு 47 என்ற இடப் பங்கீட்டின் மீதுதான் மிகக் கடுமையான எதிர்ப்பு எழுந்தது, அது மாறவில்லை. ஆனால் தர்ஹால் வட்டம் புத்தல் தொகுதியிலிருந்து தன்னமண்டி தொகுதிக்கு மாற்றப்பட்டது. தங்மார்க் தொகுதி குல்மார்க் என்றும், சூனிமர் தொகுதி சடிபல் என்றும் பெயர் மாறின. அசாமில் தேர்தல் ஆணையம் 2023 ஜூனில் வரைவை வெளியிட்டு, ஜூலையில் குவாஹாத்தியில் மூன்று நாள் அமர்வு நடத்தி, ஆயிரத்து இருநூறுக்கு மேற்பட்ட மனுக்களைக் கேட்டு, ஆகஸ்டில் இறுதி ஆணை வெளியிட்டபோது, 19 சட்டமன்றத் தொகுதிகளின் பெயர்களையும் ஒரு நாடாளுமன்றத் தொகுதியின் பெயரையும் மக்கள் கோரிக்கையின்படி திருத்தியதாக அறிவித்தது. அங்கும் அடிப்படையான அரசியல் தகராறு தீரவில்லை.

இவ்விரண்டிலிருந்தும் பெறத்தக்க முடிவு நேரானது. மாநிலத்தின் அதிகாரச் சமநிலையைத் தீர்மானிக்கும் பெரிய முடிவுகளைப் பொது அமர்வு அசைப்பது அரிது. ஒரு வட்டம், ஓர் ஊர், ஒரு பெயர் என்ற அளவிலான முடிவுகளை அது அசைக்கிறது. நடப்பில் நம்பிக்கையிழந்தவர்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிடுகின்றனர். திருமலைராயன்பட்டினத்துக்குப் பொருளாக இருப்பதோ அந்த இரண்டாம் பாதி. ஊர் ஒன்றாக நிற்குமா, அதன் பெயர் தொகுதியின் பெயரில் நீடிக்குமா, மீனவர் வாழும் பட்டினச்சேரியும் துறைமுகத்தை ஒட்டிய வாஞ்சூரும் தொழிற்பேட்டை உள்ள போலகமும் ஒரே உறுப்பினரிடம் முறையிடுமா என்பன எல்லாம் அந்த அளவிலான கேள்விகளே.

மனு எப்படி எழுதப்படுகிறது என்பதிலும் விளைவு தங்கியுள்ளது. "எங்கள் ஊரைப் பிரிக்கக் கூடாது, மக்கள் கொதித்துப் போயிருக்கிறார்கள்" என்று எழுதி நூறு பேர் கையெழுத்திட்ட மனு, ஆணையத்துக்கு உணர்ச்சியைத் தெரிவிக்கிறதே தவிர, செய்யத்தக்க வேலை எதையும் தருவதில்லை. ஒரு பகுதியை எடுத்துவிட்டால் அங்கே விழும் குறையை எதைக் கொண்டு நிரப்புவது என்ற கேள்வி வரைபவரின் மேசையில் அப்படியே கிடக்கிறது. ஆகவே மனு ஓரமாக வைக்கப்படுகிறது. இன்னொரு வகை மனு உண்டு. வரைவின் எந்தப் பத்தியில் எந்த வருவாய்க் கிராமம் குறிக்கப்பட்டுள்ளது என்று அது தொடங்கும். அங்கே கணக்கெடுப்பின்படி எத்தனை பேர் என்று சொல்லும். திருமலைராஜன் ஆறு எந்த இடத்தில் இயற்கை எல்லையாகிறது என்றும், மாற்றப்படும் தெருவிலிருந்து புதிய தொகுதியின் பிற பகுதிக்குப் போகப் பழைய தொகுதியைக் கடந்தே போக வேண்டியிருக்கிறது என்றும் வரைபடத்தில் காட்டும். அந்தத் தெருவைத் திருப்பித் தந்தால் அதற்கு ஈடாக ஏறத்தாழ அதே மக்கள்தொகை கொண்ட எந்தப் பகுதியை மாற்றலாம் என்றும், மாற்றிய பின் இரு தொகுதிகளின் எண்ணிக்கையும் சராசரிக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கும் என்றும் கூட்டிக் காட்டி முடியும். இதற்கு வழக்கறிஞர் தேவையில்லை. கணக்கெடுப்பு ஏடும், வாக்காளர் பட்டியலின் பாக விவரமும், ஊரை நடந்து அறிந்த இரண்டு பேரும் போதும். இத்தகைய மனுவை நிராகரிக்க வேண்டுமானால் ஆணையம் காரணம் தேட வேண்டியிருக்கும்; பின்னாளில் வழக்கு என்று ஒன்று எழுந்தாலும், 2024 தீர்ப்பு திறந்த அந்தக் குறுகிய வழியில் கையில் இருக்கும் ஆவணமும் இதுவே.

நான்காவது வாதம் தன்மானத்தின் பெயரால் வருகிறது. அநியாயமான வரைவின் மீது கருத்துச் சொல்வதே அதை ஏற்பதாகிவிடும், ஆகவே புறக்கணிப்பதே எதிர்ப்பு என்கிறது அது. எதிர்ப்பும் பங்கேற்பும் ஒன்றையொன்று விலக்குபவை என்ற எண்ணத்தைச் சட்டமே மறுக்கிறது. இணை உறுப்பினரின் மாறுபட்ட முன்மொழிவை வரைவோடு சேர்த்து வெளியிட வழிசெய்யும் பிரிவு, உள்ளே அமர்ந்து மறுப்பதை ஒரு முறையான பங்காக ஏற்கிறது. ஜம்மு காஷ்மீரில் ஆணையத்தின் கூட்டத்தை முதலில் புறக்கணித்த தேசிய மாநாட்டுக் கட்சியின் உறுப்பினர்கள், 2021 டிசம்பரில் நேரில் சென்று மறுப்பைத் தெரிவித்தனர். அதனால் அவர்கள் இறுதி ஆணையை ஏற்றவர்களாகிவிடவில்லை. வராதவரின் எதிர்ப்பு எந்தக் கோப்பிலும் ஏறுவதில்லை; ஆட்சேபணை எதுவும் வரவில்லை என்ற ஒரே வரியாக அது மாறுகிறது. திருமலைராயன்பட்டினத்தின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் காளமேகப் புலவர் கதையில், அவர் ஊர்மேல் பாடிய வசையையே பலரும் நினைவில் வைத்திருக்கின்றனர். தமக்கு ஆசனம் தராத அவைக்குள் நுழைந்து, யமகண்டம் என்னும் கடும் சோதனைக்கு உடன்பட்டு, கேட்டவற்றுக்கெல்லாம் அவர் விடை சொன்னார் என்பதையும் அந்தக் கதையே சொல்கிறது. பகை அவைக்குள் நின்று பேசியதை அவருடைய தோல்வியாக எவரும் கருதியதில்லை.

கட்சிகள் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை இவற்றினும் பரவலானது, இவற்றினும் ஆபத்தானது. இணை உறுப்பினர்களுக்கு ஆணையத்தின் முடிவில் வாக்குரிமை கிடையாது. கையெழுத்திடும் உரிமையும் கிடையாது. கட்சியின் அக்கறை தன் வாக்குகள் எங்கே குவிகின்றன என்பதில் இருப்பது இயல்பு. அந்த அக்கறையும் ஊரின் நலமும் ஒரே கோட்டில் சேர்வது தற்செயலே. அடுத்த மறுவரையறையில் இது மேலும் முக்கியமாகும். 2023இல் இயற்றப்பட்ட சட்டங்கள் நாடாளுமன்றம், மாநிலச் சட்டமன்றங்களோடு புதுச்சேரிச் சட்டமன்றத்திலும் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்குகின்றன. அந்த ஒதுக்கீடு மறுவரையறையோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. 2027 மார்ச் 1ஐக் குறிப்பு நாளாகக் கொண்ட கணக்கெடுப்பும் அறிவிக்கப்பட்டுள்ளது. இன்று பதவியில் இருக்கும் ஆண்கள் தங்கள் தொகுதியைக் காக்க எல்லா வழிகளையும் தேடுவார்கள் என்று எதிர்பார்க்கும்போது, பட்டினச்சேரியின் மீனவப் பெண்களின் சார்பில் அவர்களே பேசிவிடுவார்கள் என்று எதிர்பார்ப்பது பொருந்தாது.

உரிய நேரத்தில் கோடுகள் தீர்க்கப்படாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் புதுச்சேரியின் உள்ளாட்சி மன்றங்களே சாட்சி. 1968க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து 2006இல்தான் அங்கே உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்த மன்றங்களின் காலம் 2011இல் முடிந்தது. வார்டு மறுவரையறையை முடித்துத் தேர்தல் நடத்த 2018இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2021 செப்டம்பரில் 1,149 பதவிகளுக்குத் தேர்தல் அறிவிக்கப்பட்டது. வார்டுகளின் இடஒதுக்கீடு குறித்த வழக்கால் அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. மறு அறிவிப்பும் வழக்கில் சிக்கி நின்றது. வழக்குத் தொடுத்தவர்களின் உரிமையைக் குறை சொல்ல இடமில்லை. இடஒதுக்கீடு பிழையாக இருக்கும்போது வாளாவிருக்க முடியாது. ஆனால் வார்டு பற்றிய தகராறு வரைவு நிலையில் தீராமல் தேர்தல் நாள் வரை வந்துவிட்டால், அதன் விலையை முழுத் தேர்தலும் கொடுக்கிறது. அந்த விலையைப் பத்தாண்டுக்கும் மேலாகத் திருமலைராயன்பட்டினம் கொம்யூன் பஞ்சாயத்து, மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாமல் அதிகாரிகளின் கையில் இயங்கிச் செலுத்தியிருக்கிறது.

கருத்துக்கேட்பின் மீதான புகார்களில் நியாயமானவை உண்டு. காரைக்காலிலிருந்து புதுச்சேரிக்குத் தமிழ்நாட்டின் வழியே ஏறத்தாழ 130 கிலோமீட்டர். அமர்வு அங்கே மட்டும் நடந்தால், ஒரு நாள் கூலியை விட்டு யாரும் போக மாட்டார்கள். ஒரு வாரம் போன்ற குறுகிய கெடு, ஆங்கிலத்தில் மட்டும் எழுதப்பட்ட எல்லை விவரம், மனு ஏன் ஏற்கப்படவில்லை என்று சொல்லாத இறுதி ஆணை ஆகியவை அமர்வைப் பொருளற்றதாக்கக்கூடியவை. ஆனால் இந்தக் குறைகளிலிருந்து கிடைக்கும் முடிவு, கருத்துக்கேட்பைச் செம்மையாக்கக் கோருவதே. சட்டம் பல இடங்களில் அமர்வு நடத்த அனுமதிக்கிறது. காரைக்காலிலேயே ஒன்று நடத்தக் கோர அது போதுமான ஆதாரம். வரைவைத் தமிழில் தருமாறும், கெடுவை நீட்டுமாறும், மனுவாரியாகக் காரணம் வெளியிடுமாறும் கேட்பவர்கள் அமர்வின் வாசலில் நிற்பவர்களாக இருக்க வேண்டும். எவரும் வராத அமர்வை அடுத்த முறை பெரிதாக நடத்த எந்த ஆணையமும் முன்வராது.

ஆகவே, திருமலைராயன்பட்டினத்து வாசகர்கள் செய்ய வேண்டியது வரைவு வரும்வரை காத்திருப்பது அன்று. இப்போதுள்ள தொகுதியின் எல்லை விவரத்தையும், தங்கள் பகுதியின் கணக்கெடுப்பு எண்களையும், வாக்குச்சாவடிகளின் பட்டியலையும் ஊர்ப் பஞ்சாயத்தார், மீனவர் கூட்டுறவுச் சங்கத்தார், மகளிர் குழுவினர், பள்ளி ஆசிரியர் எனப் பலரும் சேர்ந்து இன்றே தொகுத்து வைக்க வேண்டும்; வரைவு வெளியான நாளிலேயே அவற்றோடு ஒப்பிட்டு, மாற்று யோசனையுடன் கூடிய மனுவைக் கெடுவுக்குள் அனுப்பி, அமர்வில் நேரில் நின்று அதை விளக்க வேண்டும். அதன் பின்னரும் கோடு தவறாகவே விழுந்தால், பழி வரைந்தவரைச் சேரும். ஒரு மனுவும் அனுப்பாமல் இருந்துவிட்டுப் பின்னர் குறைகூறும் ஊர் அந்தப் பழியில் பாதியை ஏற்றே ஆக வேண்டும்.